அசலும் வட்டியும்: மாணவரின் கடன் அட்டைக்குப் பின்னுள்ள நீண்ட வழக்கு

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தில், மூன்றாம் அதிகரணத்தின் கடன் பற்றிய பகுதியில் அதிகம் பேசப்படாத ஒரு விதி உண்டு. நெடிய வேள்வியில் ஈடுபட்டிருப்பவர், நோயுற்றவர், குருகுலத்தில் தங்கிப் பயில்பவர், சிறுவர், பொருளற்றவர் ஆகியோர்மீது கடன் வளரக் கூடாது என்கிறது அந்த விதி. கடனே வாங்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. கற்கும் காலத்தில் வட்டி ஓடக் கூடாது என்றுதான் சொல்கிறது. இன்றைய இந்தியாவில் 18 வயது நிறைந்த கல்லூரி மாணவர் நிரந்தர வைப்புத்தொகையை ஈடுகாட்டித் தம் பெயரிலேயே ஒரு கடன் அட்டை பெறலாம். அதில் நிலுவை விழுந்தால், தேர்வுக் காலமா விடுமுறைக் காலமா என்று பாராமல் நாள்தோறும் வட்டி ஏறும். இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட வரலாறு ஒரே கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது. அசல் எங்கே முடிகிறது, வட்டி எங்கே தொடங்குகிறது, அந்தக் கோட்டை வரையும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதே அக்கேள்வி.

1. இரட்டிப்பு என்னும் எல்லை

அர்த்தசாஸ்திரம் நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணத்தை அறத்துக்கு உகந்த வட்டியாகக் குறிக்கிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது 15 விழுக்காடு. வணிகக் கடனுக்கு மாதம் 5, காட்டுவழிச் செல்வோருக்கு 10, கடல்வழி வணிகருக்கு 20 என்று இடரின் அளவுக்கேற்ப விகிதம் உயர்கிறது. வட்டியை அசலோடு சேர்த்து அதையே அசல் என்று கூறிக் கேட்பவருக்குத் தண்டமும் விதிக்கப்படுகிறது. வட்டியை அசலாக உருமாற்றுவது அந்நூலின் பார்வையில் கணக்கு முறை அன்று, குற்றம்.

மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் இதைவிடக் கரடானது. ஒன்றேகால் விழுக்காட்டை அதுவும் குறிப்பிடுகிறது. ஆனால் அடுத்தே வருண வரிசைப்படி மாதம் 2, 3, 4, 5 என்று விகிதங்களை அடுக்குகிறது. சமூகப் படிநிலையில் கீழே இருப்பவருக்கே மிகுந்த வட்டி. பழைய நூல்களில் கடனாளிக்குப் பாதுகாப்பு இருந்தது என்று பொதுப்படக் கூறுவோர் இப்பகுதியைத் தாண்டிச் செல்ல இயலாது. குருகுல மாணவருக்குக் கிடைத்த சலுகையும், குருகுலத்தில் நுழையத் தகுதியுடையோர் என்று அச்சமூகம் ஏற்றுக்கொண்டவர்களுக்கு மட்டுமே உரியது. இவை நெறி கூறும் நூல்கள் என்பதையும், நடைமுறையின் பதிவேடுகள் அல்ல என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இருப்பினும் ஒரு கருத்து இந்நூல்களைத் தாண்டி நிலைத்தது. ஒரே தடவையில் வசூலிக்கும் வட்டி அசலின் அளவை மீறக் கூடாது என்பதே அது. மராத்தியப் பகுதிகளில் இது ‘தாம்துபட்’ என்று பெயர் பெற்றது. நூறு ரூபாய் கடனுக்கு எத்தனை ஆண்டு கழிந்தாலும் அசலும் வட்டியுமாக இருநூறு ரூபாய்க்கு மேல் கேட்க இயலாது. வட்டி விகிதத்தை இவ்விதி கட்டுப்படுத்தவில்லை. வட்டியின் மொத்த வளர்ச்சிக்கு ஒரு கூரை அமைத்தது. பிரித்தானிய ஆட்சியிலும் பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரத்திலும் இந்துச் சட்டத்தின் பகுதியாக நீதிமன்றங்கள் இதை ஏற்றுவந்தன.

2. தக்காணம், 1875

1855ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்தியாவில் அதுவரை இருந்த வட்டி உச்சவரம்புச் சட்டங்களை நீக்கியது. இருதரப்பும் ஒப்புக்கொண்ட வட்டியே வட்டி என்பது அதன் உட்பொருள். சுதந்திரமான ஒப்பந்தம் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பொருளியல் கருத்து இந்திய விவசாயியின் கைரேகைக்கும் பொருத்தப்பட்டது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1859இல் வந்த காலவரம்புச் சட்டம் கடன் பத்திரங்களுக்கு மூன்றாண்டு ஆயுளை வரையறுத்தது. வட்டி ஆண்டுக்கணக்கில் குவிவதைத் தடுப்பதே நோக்கம். விளைவு நேர்மாறாக அமைந்தது. மூன்றாண்டு முடியும் தறுவாயில் சாகுகார் விவசாயியைப் புதிய பத்திரம் எழுதித்தரச் செய்தார். பழைய அசலும் செலுத்தாத வட்டியும் கூட்டப்பட்டுப் புதிய பத்திரத்தில் ஒரே தொகையாக, அசலாக, பதிவாயின. அதற்கு மீண்டும் வட்டி. எழுத்தறியாத விவசாயிக்குப் பத்திரத்தில் உள்ள எண் எப்படிப் பிறந்தது என்று கேட்க வழியில்லை. நீதிமன்றம் கையொப்பத்தை மட்டுமே கண்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் பருத்தி விலை ஏறியபோது தாராளமாகக் கிடைத்த கடன், 1865க்குப் பின் விலை சரிந்ததும் நின்றுபோனது. பழைய நிலுவை மட்டும் நின்றது. 1875 மே 12ஆம் நாள் பூனா மாவட்டத்தின் சூப்பா என்னும் சந்தை ஊரில் விவசாயிகள் திரண்டு சாகுகார்களின் கடைகளைத் தாக்கினர். அவர்கள் முதன்மையாகத் தேடியவை பத்திரங்களும் பேரேடுகளும், அவை எரிக்கப்பட்டன. எழுச்சி அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. பின்னர் விசாரித்த தக்காணக் கலவர ஆணையம் கண்ட வழக்குகளுள் ஒன்றில் 100 ரூபாய்க் கடனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வட்டி போடப்பட்டிருந்தது.

1879இல் வந்த தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டத்தின் தனித்தன்மை இங்கேதான் விளங்குகிறது. கையொப்பமிட்ட பத்திரத்தோடு நிற்காமல், கொடுக்கல் வாங்கலின் தொடக்கம்வரை பின்னோக்கிச் சென்று, அசலையும் வட்டியையும் தனித்தனியே பிரித்துக் கணக்கெடுக்கும் அதிகாரத்தை அது நீதிமன்றத்துக்கு அளித்தது. 1918ஆம் ஆண்டின் மிகைவட்டிக் கடன் சட்டம் இக்கருத்தை நாடு முழுமைக்கும் விரித்தது. வட்டி மிகையானது, ஒப்பந்தம் நியாயமற்றது என்று தோன்றினால் நீதிமன்றம் முடிந்துபோன கணக்கையும் மீண்டும் திறக்கலாம்.

3. வயது என்னும் வாசல்

மாணவப் பருவத்துக் கடனாளியைப் பற்றிய புகழ்பெற்ற இந்திய வழக்கும் இக்காலத்ததே. 1895 ஜூலையில் கல்கத்தாவைச் சேர்ந்த தர்மதாஸ் கோஷ் என்னும் இளைஞர் தம் வீடுகளை அடகுவைத்து, பிரம்மோ தத் என்னும் வட்டிக்கடைக்காரரிடம் 20,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு வட்டியில் பத்திரம் எழுதிக்கொடுத்தார். அதற்குச் சில நாள் முன்னரே, அவர் உரிய வயதை எட்டாதவர் என்று அவருடைய தாயின் சார்பில் கடன்கொடுப்பவரின் வழக்கறிஞருக்கு அறிவிப்புச் சென்றிருந்தது. 1903இல் லண்டன் பிரிவி கவுன்சில், உரிய வயதை அடையாதவரின் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவை வகுப்பறையில் கற்பிக்கும் எவரும் இவ்வழக்கைத் தவிர்ப்பதில்லை.

வகுப்பறைகளில் பெரும்பாலும் விடுபடும் செய்தி ஒன்றுண்டு. 1875ஆம் ஆண்டின் வயதுவரம்புச் சட்டப்படி பொதுவாக 18 வயதே முதிர்வு. நீதிமன்றம் காப்பாளரை நியமித்தவர்களுக்கு மட்டும் 21. கோஷ் இரண்டாம் வகையினர். 1999ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வேறுபாட்டை நீக்கி அனைவருக்கும் 18 என்று ஆக்கியது. ஆகவே 19 வயது இளங்கலை மாணவர், கடன் ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, 50 வயது வணிகருக்குச் சமமான முழு ஆள். அவருக்கெனத் தனிக் காப்பு எதுவும் ஒப்பந்தச் சட்டத்தில் இல்லை.

4. மூடப்பட்ட கதவு

இந்திய வங்கிகளுள் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா 1980இல் தன் கடன் அட்டையை வெளியிட்டது. ஆந்திரா பாங்க் 1981இல் பின்தொடர்ந்தது. அந்த அட்டை அன்று மிகச் சிலரின் பையில் மட்டுமே இருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், அட்டையைக் கருதாமல் செய்யப்பட்ட ஒரு சட்டத்திருத்தம் பின்னாளில் அட்டையின் விதியைத் தீர்மானித்தது. 1984 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21அ என்னும் பிரிவைச் சேர்த்தது. 1918ஆம் ஆண்டுச் சட்டமோ, மாநிலங்களின் கடன் நிவாரணச் சட்டங்களோ என்ன கூறினும், வட்டி மிகை என்ற காரணத்தால் வங்கிக்கும் கடனாளிக்கும் இடையிலான கணக்கை எந்த நீதிமன்றமும் மீண்டும் திறக்கக் கூடாது என்பது அப்பிரிவு. தக்காணத்தில் 1879இல் திறந்த கதவு, வங்கிகளைப் பொறுத்தமட்டில் இங்கே மூடப்பட்டது. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் போன்றவை தனியார் வட்டிக்காரரை நோக்கியவை; வங்கியின் வட்டிக்கு அவை அளவுகோல் ஆகவில்லை.

வங்கிகள்மேல் ரிசர்வ் வங்கி இருக்கிறது, அதுவே வட்டியைக் கண்காணிக்கும் என்பது 21அ பிரிவுக்கான நியாயம். 1984இல் இந்த நியாயத்துக்கு வலு இருந்தது. அன்று வங்கிக் கடன் வட்டி விகிதங்களைப் பெரும்பாலும் ரிசர்வ் வங்கியே நிர்ணயித்தது. 1994 அக்டோபரில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களின் வட்டி விடுவிக்கப்பட்டது. தாராளமயத்தின் போக்கில் ஏனையவும் படிப்படியாக வங்கிகளின் முடிவுக்கே வந்தன. நீதிமன்றத்தின் கை கட்டப்பட்டிருந்தபோதே ஒழுங்குபடுத்துநர் தம் கையைத் தளர்த்திக்கொண்டார்.

2001இல் சென்ட்ரல் பாங்க் எதிர் ரவீந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, ஒப்பந்தப்படியும் வங்கி வழக்கப்படியும் அசலோடு சேர்க்கப்பட்ட வட்டி அசலின் தன்மையையே பெறுகிறது என்று முடிவு செய்தது. தண்ட வட்டியை மட்டும் அவ்வாறு சேர்க்க இயலாது என்று விலக்கியது. அர்த்தசாஸ்திரம் தண்டம் விதித்த செயல், தக்காணத்துப் பேரேடுகளில் கலவரத்துக்குக் காரணமான செயல், இப்போது முறைப்படுத்தப்பட்ட வங்கி வழக்கம் என்னும் தகுதியைப் பெற்றது.

5. 30 விழுக்காடும் பதினாறு ஆண்டுகளும்

2008 ஜூலை 7ஆம் நாள் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம், ஆவாஸ் என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில் ஓர் அரிய உத்தரவை வழங்கியது. அப்போது அட்டை நிலுவைக்கு வங்கிகள் ஆண்டுக்கு 36 முதல் 49 விழுக்காடு வரை வட்டி வாங்கிவந்தன. 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை. மாதந்தோறும் வட்டியை அசலில் சேர்ப்பதும் அவ்வாறே. தண்ட வட்டியை ஒரு தவணைத் தவறுக்கு ஒருமுறை மட்டுமே வாங்கலாம் என்றது ஆணையம். உச்ச நீதிமன்றம் 2009இல் இவ்வுத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2024 டிசம்பர் 20ஆம் நாள் இறுதித் தீர்ப்பில் அது முற்றிலும் நீக்கப்பட்டது. 21அ பிரிவின் நோக்கத்துக்கு ஆணையத்தின் உத்தரவு முரணானது, ஒப்பந்த நிபந்தனைகளைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்பவை தீர்ப்பின் முதன்மைக் காரணங்கள்.

அதே தீர்ப்பில் மற்றொரு கருத்தும் உண்டு. அட்டை வைத்திருப்போருக்கு அவர்களின் உரிமைகளும் கடமைகளும், தாமதத்துக்கான தண்டமும் முறையாக அறிவிக்கப்படுகின்றன என்பது அது. 1875இல் சட்டத்தின் முன் நின்ற கடனாளி எழுதப் படிக்க அறியாதவர். 2024இல் நிற்பவர் அனைத்தும் அறிந்தவர் என்று சட்டம் கொள்கிறது. இந்த அனுமானம் உண்மையா என்பதைச் சோதிக்க ஏற்ற இடம் ஒரு மாணவரின் மாதாந்தரப் பில்.

6. பில்லை வாசித்தல்

ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். பில் தேதி ஒவ்வொரு மாதமும் 5. செலுத்தக் கடைசி நாள் 25. வட்டி மாதம் மூன்றரை விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 42. ஜூன் 10 அன்று மாணவி ஒருவர் 20,000 ரூபாய்க்குக் கைபேசி வாங்குகிறார். ஜூலை 5 பில்லில் மொத்த நிலுவை 20,000. குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, 1,000 ரூபாய். அவர் ஜூலை 25 அன்று 1,000 ரூபாய் செலுத்துகிறார். தவணை தவறவில்லை, தாமதக் கட்டணம் இல்லை.

ஆகஸ்ட் 5 பில் எப்படி இருக்கும்? வட்டி ஜூலை 25 முதல் தொடங்கும் என்று பலர் கருதுவர். அப்படியன்று. முழுத்தொகை செலுத்தப்படாததால் வட்டியில்லாக் காலம் என்னும் சலுகையே இல்லாமற்போகிறது. வட்டி பொருள் வாங்கிய ஜூன் 10 முதல் கணக்காகிறது. 20,000 ரூபாய்க்கு 45 நாளுக்கு ஏறத்தாழ 1,036 ரூபாய். பின்னர் 19,000 ரூபாய்க்கு 11 நாளுக்கு 240 ரூபாய். இதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி, 230 ரூபாய். பிற கடன்களின் வட்டிக்கு இவ்வரி விலக்கப்பட்டிருக்க, கடன் அட்டை வட்டிக்கு மட்டும் விலக்கில்லை. ஆகப் புதிய நிலுவை 20,506 ரூபாய். ஆயிரம் ரூபாய் செலுத்தியபின் கடன் ஐந்நூறு ரூபாய் கூடியிருக்கிறது. இடையில் அவர் வாங்கும் புத்தகத்துக்கும் உணவுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. அட்டையைக் கொண்டு பணமாக எடுத்தால், அதற்கு எடுத்த நாள் முதலே வட்டியும் தனிக் கட்டணமும் உண்டு.

ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு முதன்மை வழிகாட்டுதல் இங்கே சில வேலிகளை அமைத்திருக்கிறது. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் செலுத்தியும் கடன் பெருகிக்கொண்டே போகும்படி நிபந்தனை அமையக் கூடாது. செலுத்தாத கட்டணங்களையும் வரிகளையும் அசலில் சேர்த்து வட்டி கணக்கிடக் கூடாது. கேளாதவருக்கு அட்டை அனுப்பக் கூடாது. ஆகவே இரண்டாம் பில்லில் குறைந்தபட்சத் தொகை, வட்டியும் வரியும் அசலில் ஒரு சிறுபகுதியும் சேர்ந்து, முதல் மாதத்தைவிட மிகுந்திருக்கும். குறைந்தபட்சம் மட்டுமே செலுத்தினால் கூட்டு வட்டியோடு மாதங்கள், ஆண்டுகள் என நீளும் என்ற எச்சரிக்கையும் பில்லில் இடம்பெற வேண்டும். வேலிகள் பயனுள்ளவையே. ஆனால் அவற்றுள் வட்டி விகிதத்துக்கு எண்ணளவிலான உச்சவரம்பு இல்லை. கூட்டு வட்டிக்கும் தடையில்லை.

பழைய நூல்களின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம். மாதம் ஒன்றேகால் விழுக்காடு தனிவட்டியில் கடன் இரட்டிப்பாக 80 மாதம் ஆகும். மனு கடைசி வருணத்தாருக்கு விதித்த 5 விழுக்காட்டில் 20 மாதம். மாதம் மூன்றரை விழுக்காடு கூட்டு வட்டியிலும், எதுவும் செலுத்தாதபோது, கணித அளவில் ஏறத்தாழ அதே 20 மாதம். ஆண்டுக்கு 42 என்று அச்சிடப்படுவது உண்மையில் 51 விழுக்காட்டை எட்டுகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தாம்துபட் முறையில் இரட்டிப்பானதும் வட்டி நின்றுவிடும். அட்டை ஒப்பந்தத்தில் அப்படி ஒரு கூரை இல்லை.

7. எஞ்சிய நெறி

குருகுல விதியின் நிழல் இன்றைய வங்கியில் முற்றாக மறைந்துவிடவில்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்புக் காலத்துக்குத் தனிவட்டியே கணக்கிடப்படுகிறது. திருப்பிச் செலுத்துதலும் படிப்பு முடிந்த பின்னரே தொடங்குகிறது. கற்பவரின் கடன் கற்காதவரின் கடனைப்போல் வளரக் கூடாது என்ற எண்ணம் அங்கே உயிரோடிருக்கிறது. ஆனால் அதே மாணவி, அதே வங்கியின் அட்டையைக் கொண்டு அதே கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்தினால், அந்த எண்ணம் அவரைப் பின்தொடர்வதில்லை. எதற்காகக் கடன் என்பதை அட்டை கேட்பதில்லை. யார் கடனாளி என்பதையும் வயதோடும் வருமானத்தோடும் நிறுத்திக்கொள்கிறது.

தக்காணத்தின் விவசாயிகள் பத்திரங்களை எரித்ததன் காரணம், அவற்றில் உள்ள எண்ணைப் பிரித்துக் காட்டும் இடம் அவர்களுக்கு வேறெங்கும் இல்லாமற்போனதே. அதன் விளைவாக அந்த இடம் நீதிமன்றத்தில் உருவாயிற்று. ஒரு நூற்றாண்டுக்குப் பின் வங்கிக் கடனாளிக்கு அது மூடப்பட்டது. இன்று அசலையும் வட்டியையும் பிரித்தறியும் வேலை, பில்லைக் கையில் வைத்திருப்பவரின் வேலை ஆகிவிட்டது. வணிகவியல் மாணவருக்குக்கூட இந்தப் பில்லை வரிவரியாக வாசிக்கக் கற்றுத்தரும் பாடவேளை அரிது. கடனாளி அறிந்தவர் என்று சட்டம் அனுமானிக்கும் நாட்டில், அவரை அறிந்தவராக்கும் பொறுப்பு யாருடையது என்பது இன்னும் தீர்க்கப்படாத வழக்கு. அதுவரை மாணவருக்கு உள்ள பாதுகாப்பு எளிய ஒன்றே. பில்லில் ‘குறைந்தபட்சம்’ என்று அச்சிட்டிருக்கும் எண்ணைவிட்டு, ‘மொத்த நிலுவை’ என்னும் எண்ணைக் கடைசி நாளுக்குள் முழுமையாகச் செலுத்துவது. அது இயலாத தொகைக்கு அட்டையை நீட்டாதிருப்பது.